ஞானையாவும் எஃகு இடுக்கியும்

ஞானையா வேலைக்காலம் முழுவதும் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர். யாராவது சிரித்துப் பேசினாலே அவருக்குச் சந்தேகம் வரும். ஓய்வுபெற்ற பிறகும் அது போகவில்லை.

எழுபத்திரண்டு வயதில் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று அறுவை செய்தார்கள். பிறகு கரண்டு என்று சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். நோய் அடங்கியது, சிறுநீர் அடங்கவில்லை. இருமினாலும் எழுந்தாலும் கசிந்தது. வேட்டியைத் தானே ரகசியமாக அலசிக்கொண்டார். ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் மனைவி ரத்தினபாய் சாம்பிராணி போட்டால், வாடையை மறைக்கத்தான் போடுகிறாள் என்று நினைத்தார். சர்ச்சில் பக்கத்து ஆள் சற்று நகர்ந்து உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமையோடு அங்கே போவதையும் நிறுத்திவிட்டார்.

டாக்டர் இரண்டு வழி சொன்னார். மூத்திரத்தைப் பாதியில் அடக்குவதுபோல அடிவயிற்றுக்குக் கீழே தசையை இறுக்கி இறுக்கி விட்டுப் பழக வேண்டும். அது பலன் தரும்வரை, வெளியே போகும்போது ஆணுறுப்பில் மாட்டிக்கொள்ள உள்ளே ஸ்பான்ஜ் வைத்த ஓர் எஃகு இடுக்கி. ஞானையாவுக்கு இரண்டிலும் நம்பிக்கையில்லை. வெளியே பெஞ்சில் இருந்த தசரதன் என்ற மேடவாக்கத்துக்காரர், டாக்டர் சொன்னதெல்லாம் வெளியே கேட்டதென்றும் தானும் அதையே மாட்டியிருப்பதாகவும் வலிய வந்து சொன்னதும், இவர் இடுக்கியை வாங்கவைக்க டாக்டர் வைத்த ஆள் என்று முடிவே செய்துவிட்டார்.

பார்க் ஸ்டேஷனில் தசரதன் ஏறிய ரயிலிலேயே ஞானையாவும் ஏறினார். வழி முழுக்க அவர் வேட்டியையே கவனித்தார். அது நனையவில்லை. வியாதியே இல்லாத ஆளுக்கு எப்படி நனையும் என்று எண்ணிக்கொண்டார். தாம்பரத்தில் இறங்கிக் கழிவறைக்குப் போன தசரதன், வெளியே வந்து நேராக இவர் முன்னால் நின்றார்.

"இன்னா சார், பார்க் ஸ்டேஷன்லருந்து என்னையே பாத்துகினு வர்றீங்க?"

"டாக்டர் வெச்ச ஆளோன்னு நெனச்சேன்."

தசரதன் கோபிக்கவில்லை. கழிவறைக்குள் அழைத்துப்போய் வேட்டியை விலக்கிக் காட்டினார். இடுக்கி இருந்தது. பக்கத்தில் ஆறாத புண்ணும் இருந்தது.

"கழட்டாம தூங்கிட்டேன், புண்ணாயிடுச்சு. உங்களுதும் கரண்டு வெச்ச தோலு, உஷாரா இருங்க. அப்பப்ப தளர்த்தி வுடணும். அதுக்குத்தான் இங்க எறங்கினதும் உள்ள போனேன்."

ஏமாற்ற வந்தவன் புண்ணைக் காட்டமாட்டான் என்று ஞானையாவுக்குப் பட்டது. அடுத்த வாரமே இடுக்கி வாங்கினார். முதலில் வலித்தது, தோல் சிவந்தால் சில நாள் கழற்றி வைத்தார். தசைப் பயிற்சியையும் விடவில்லை. மாதங்கள் போகப்போக நடக்கும்போது கசிவது நின்றது. பலமாக இருமினால் மட்டும் சில துளி வரும்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் போனார். தசரதனைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். எப்படிப் பழக்கம் என்று ரத்தினபாய் கேட்டதற்கு, ரயில் சிநேகம் என்றார் தசரதன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ என்று ஞானையாவுக்கு உறுத்தியது. தசரதன் கிளம்பியதும் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இனிமே துணிய பாத்ரூம்ல ஒளிச்சுக் காயப்போடாதீங்க," என்றாள் ரத்தினபாய். "வெயில்ல போட்டாத்தான் நல்லா காயும்."