ஏழாம் கழியின் கேள்வி

"நான் என்ன கேட்டேன்?" என்றாள் ஜிபார்.

உரை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. நூலக மண்டபத்தின் வாசலில் கோட்டு வாங்கி மாட்டும் மேசைக்குப் பின்னால் அவள் நின்றாள். கொக்கிகளில் மொழிபெயர்ப்பாளர் பெர்மெட்டின் கோட்டு மட்டும் மிச்சம்.

"அந்த அளவெல்லாம் யாரு எடுத்ததுன்னு கேட்டீங்க அக்கா."

"முழுசா சொல்லு."

பெர்மெட் தரையைப் பார்த்தாள். "என்னோட பதினோரு நோட்டைக் கொண்டுபோன திருடா, எப்பத் திருப்பித் தரப்போறேன்னு கேட்டீங்க."

"நீ ரஷ்ய மொழியில என்ன சொன்ன?"

"அளவுகள் எந்த வருஷம் எடுத்ததுன்னு..."

"திருடன் எங்க போனான்?"

"பேச வந்தவரு வயசானவரு அக்கா. விருந்தாளி வேற. முந்நூறு பேர் முன்னாடி எப்படி அவரைத் தலைகுனிய வைக்கிறது?"

"நான் குடுத்தது மிளகாய்டி. நீ அதை ஜாம் காய்ச்சிப் பரிமாறிட்ட. அவன் எனக்கு நன்றி சொல்றான், ஜனம் கைதட்டுது. இந்தா உன் கோட்டு. பொத்தானைப் போட்டுக்க, வெளிய குளிரு."

பிஷ்கெக்கில் அந்த மண்டபத்தில் சனிக்கிழமை மாலைகளில் பேச்சு நடக்கும். ஒரு வாரம் நட்சத்திரங்கள், மறு வாரம் தேர்தல், அதற்கடுத்த வாரம் பெண்ணைத் தூக்கிப்போய்க் கட்டும் வழக்கம். பேச்சு ரஷ்ய மொழியில். கிர்கிஸ் மொழியில் வரும் கேள்விகளை மண்டபத்துக்கு மொழிபெயர்ப்பது பெர்மெட்டின் வேலை. ஆளுக்கு ஒரு கேள்விதான்; மறுகேள்வி கிடையாது. ஆகவே அன்று அவள் கெடுத்தது ஜிபாருக்கு இருந்த ஒரே வாய்ப்பை.

ஜிபாருக்கு ரஷ்ய மொழி புரியும். பேச மட்டும் கோட்டு எண்களைக் கேட்கும் அளவுக்குத்தான் வரும். பத்தொன்பது வருடம் அவள் பேசிய இடத்தில் கேட்க ஆளே இல்லை. மலைமேல் வானிலை நிலையத்தில் அவள் கண்காணிப்பாளராக இருந்தாள். பனியாற்றில் துளையிட்டு நட்ட ஒன்பது கழிகளின் வெளியே தெரியும் நீளத்தை மாதாமாதம் அளந்து எழுதுவாள். கழி நீண்டால் பனி உருகியிருக்கிறது என்று அர்த்தம். கை விரல் இரண்டின் நுனி குளிரில் கருகி விழுந்தது அங்கேதான்.

நிலையத்தை மூடுவதற்கு முந்தைய கோடையில் எசென்பெக் என்ற ஆய்வாளர் வந்தார். மூன்று நாள் அவள் சமைத்த ஆட்டிறைச்சியைச் சாப்பிட்டார். நகலெடுத்துத் தருவதாகப் பதினோரு நோட்டுகளை வாங்கிப் போனார். அப்புறம் அவரைத் தொலைக்காட்சியில்தான் பார்த்தாள்.

அந்த அளவுகளைத் தம்முடையவையாகக் காட்டி, பனியாறு ஒரு வருடம் வளர்ந்தது என்றும், மலை தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளும் என்றும் அவர் ஊர் ஊராகப் பேசினார். பனிமலையைத் தோண்டும் சுரங்கக்காரர்களுக்கு அது தேனாக இனித்தது; அமைச்சர்களும் அழைத்தார்கள். ஜிபார் நகரத்துக்கு வந்து, கூலி எவ்வளவு என்றுகூடக் கேட்காமல் இந்த மேசையில் சேர்ந்தாள். கோட்டைக் கழற்றாமல் எவனும் மேடையேற முடியாது, அவனும் ஒருநாள் வருவான் என்ற ஒரே கணக்கு.

அன்று பேச வந்தவரைக் கண்டதும் ஆத்திரம் முந்திக்கொண்டது. அதனால் வெறும் வசவாகக் கேட்டுவிட்டாள். பெர்மெட் கெடுத்தபின் குளிர்காலம் முழுக்க யோசித்தாள்.

"திருடன்னா ஜனம் அவன் பக்கம் சாயும்," என்று ஒருநாள் பெர்மெட்டிடம் சொன்னாள். "அவன் வாயாலேயே அவன் விழணும். பன்னெண்டாவது நோட்டு எங்கிட்ட இருக்கு. அவன் போனப்புறம் எழுதினது, அது இருக்கறதே அவனுக்குத் தெரியாது."

"அதுல என்ன அக்கா?"

"அவனோட சாவு."

மார்ச் மாதம் எசென்பெக் தம் புத்தகத்தோடு மறுபடி வந்தார். ஜிபார் கடைசி வரிசையில் எழுந்து கேட்டாள். இந்தத் தடவை பெர்மெட் சொல் சொல்லாக, ஒன்றையும் விடாமல், மைக்கில் ரஷ்ய மொழியில் சொன்னாள்:

"பனியாறு வளர்ந்ததுன்னு நீங்க சொல்ற வருஷம் ஏழாம் கழியோட தலையை ஒரு சடையெருமை உரசி முறிச்சுப்போட்டது. கழி குட்டையாச்சு, பனி வளரல. தெரியாம அளந்து எழுதினது என் தப்பு. அடுத்த மாசம் முறிஞ்ச துண்டைக் கண்டெடுத்தேன், நாப்பத்தியொரு சென்டிமீட்டர். திருத்தத்தைப் பன்னெண்டாம் நோட்டுல எழுதினேன். நீங்க பதினொண்ணுதானே எடுத்துட்டுப் போனீங்க?"

எசென்பெக் தண்ணீர் குடித்தார். "அந்த நோட்டைப் பார்க்காமல் நான் எப்படிப் பதில் சொல்வது?"

"அப்ப மத்த பதினொண்ணைப் பாத்திருக்கீங்க," என்றாள் மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி. சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் பரவியது. அமைப்பாளர் அவசரமாகத் தேநீர் இடைவேளை அறிவித்தார். ஜிபார் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சிரிப்பு அடங்கும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு மேசைக்குத் திரும்பினாள்.

எசென்பெக் பின்னாலேயே வந்தார். கோட்டுக்கான எண் வில்லையை நீட்டினார். குரல் தாழ்ந்து கிர்கிஸ் மொழிக்கு வந்திருந்தது.

"தங்கச்சி, தப்பு என்னோடதுதான். அடுத்த பதிப்புல உன் பேரைப் போடறேன். மன்னிச்சிடும்மா. கோட்டைக் குடு, நான் கெளம்பறேன்."

ஜிபார் கோட்டை எடுத்தாள். தூசி தட்டி, ஒழுங்காக மடித்து, தன் முழங்கையில் போட்டுக்கொண்டாள். நீட்டவில்லை. மண்டபக் கதவு திறந்தே கிடந்தது; உள்ளே முந்நூறு பேர் தேநீர்க் கோப்பையோடு நின்றார்கள்.

"பெர்மெட்," என்றாள், "அந்த மைக்கைக் கொண்டா. ஐயா இப்பச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லுவாரு. நீ ரஷ்ய மொழியில சொல்லு. ஒரு சொல்லுகூட விடாம."