ஐந்து தலைக்கும் ஒரே புள்ளி

பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செல்லத்தாய் செக்கிங் மேசைக்கு வந்து எட்டு வருடம். கோவில்பட்டிக்காரி. ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனாலும் அவள் பார்த்து அனுப்பிய பெட்டியிலிருந்து ஒரு பீஸ்கூடத் திரும்பி வந்ததில்லை. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அங்கே வழக்கம். அம்பின் முனை குறையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நூலளவு தள்ளி நின்றாலும் பிய்த்து மறுபடி ஒட்டுவாள்.

அதைவிடப் பெரிய பெருமை அவளுக்குத் தம்பி முனீஸ். அதே கம்பெனியில் பிரிண்டிங்கில் இருக்கிறான். "எங்க முனீஸ் வாயில பொய் வராது" என்று வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவாள்.

2007 ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை. பக்கத்து மேசைக் கமலாம்பாள் முதல் நாள் மாலைப் பத்திரிகையைக் கொண்டுவந்து விரித்தாள். 'பனியன் வேஸ்ட் குடோனில் ஐந்து தலை நாகம்!' பெரிய படம். அதன் கீழே, 'குடோன் உள்ள கம்பெனியில் வேலை செய்யும் முனீஸ் பாம்பை நேரில் பார்த்தார்.'

"உங்க தம்பி கண்ணுக்கில்லீங்க தெரிஞ்சிருக்குது. குடுத்து வெச்சவங்க நீங்க."

செல்லத்தாய்க்கு உச்சி குளிர்ந்தது. ஊரில் அம்மாவுக்கு அனுப்பலாமென்று கத்தரியை எடுத்தவள், கை பழக்கத்தில் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தாள். முதல் தலையில் வலது கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்ததிலும் இருந்தது. ஐந்திலும் அதே இடம், அதே அளவு.

பிரிண்டிங்கில் அச்சுச் சட்டத்தின் வலையில் ஓரிடம் சாயம் காய்ந்து அடைத்துக்கொண்டால், அடிக்கிற பனியனிலெல்லாம் அதே இடத்தில் இப்படித்தான் வெள்ளை விழும். ஒரு தலையை ஐந்து தடவை அடித்திருக்கிறார்கள். படம் பொய். அப்படியென்றால் முனீஸ்?

சாப்பாட்டு நேரத்தில் அவனைத் தனியே கூப்பிட்டாள்.

"ஏலே, எத்தனை தலை பாத்த?"

"ஒண்ணுதான்க்கா. வெறும் சாரைப்பாம்பு. வேஸ்ட் பொதிக்கு அடியில போச்சு. முந்தாநேத்து ஒருத்தர் வந்து பாம்பு பாத்தியாப்பான்னு கேட்டாரு. பாத்தேன்னேன். பேரு கேட்டாரு, சொன்னேன்."

"தலையைப் பத்திக் கேக்கலையா?"

"பாம்புக்கு எத்தனை தலைன்னு யாருக்கா கேப்பாக?"

அதற்குள் குடோன் வாசலில் மஞ்சளும் குங்குமமும் பால்சொம்புமாகக் கூட்டம். மேனேஜர் மருதாசலம் முனீஸைப் பார்த்துவிட்டார். "வா கண்ணு, பார்த்ததை எல்லார்த்துக்கும் சொல்லு."

செல்லத்தாய் பின்னாலேயே போனாள். ஐந்து என்றால் அவன் பொய்யன். ஒன்று என்றால், பத்திரிகைக்காரனிடம் அளந்துவிட்டான் என்பார்கள், அப்போதும் பொய்யன்.

"ஒரு தலைதான் சார். சாரை," என்றான் முனீஸ்.

ஒருவரும் அவனைத் திட்டவில்லை.

"அவனுக்கு ஒண்ணத்தான் காட்டியிருக்குது," என்றார் பால்சொம்பு வைத்திருந்தவர்.

"வெளிய சொல்லக் கூடாதுன்னு சாமி உத்தரவா இருக்குமுங்க."

"பேப்பர்லயே பேரு வந்திருக்குது, அப்பறம் என்னுங்க?"

செல்லத்தாய் பொறுக்காமல் பத்திரிகையை நீட்டிப் புள்ளிகளைக் காட்டினாள். கமலாம்பாள் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "ஏனுங்க, ஒரே ஒடம்புல மொளச்ச தலைங்க. மச்சம் மட்டும் எடம் மாறியா இருக்கும்?"

செல்லத்தாய் அச்சுச் சட்டத்தையும் சாயத்தையும் பற்றி ஆரம்பித்தாள்; பாதியில் அவளுக்கே குழம்பிவிட்டது. முனீஸின் நெற்றியில் யாரோ குங்குமம் வைத்தார்கள். அவன் பேந்தப் பேந்த விழித்தான்.

மேசைக்குத் திரும்பியதும், ஐந்து புள்ளிகளையும் முனை தொடும்படி ஐந்து அம்புகள் ஒட்டினாள். ஆறாவது அம்பைத் தம்பி பேர் இருந்த வரிக்குக் கொண்டுபோனாள். முனீஸ், சரி. பாம்பு, அதுவும் சரி. நேரில் பார்த்தான், மெய்தான். ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தால் குறையில்லை. ஆனால் அந்த வரியைக் காட்டித்தான் அவன் வாயால் சொன்ன மெய்யை ஒருவரும் நம்பவில்லை.

எந்தச் சொல்லில் ஒட்டுவது? மறுபடி முதலிலிருந்து படித்தாள். அம்பு விரல் நுனியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. பார்க்காத பனியன்கள் மேசையில் குவிந்துகொண்டிருந்தன.