வட்டமாகப் போட்ட முப்பத்தெட்டு கையெழுத்து

அருவி, மலை என்று எழுதிக்கொண்டிருந்தவள், இந்த முறை ஒரே நாளில் இரண்டு தடவை காஞ்சிபுரம் போய்வந்த கதையை எழுதுகிறேன். கோயில் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, திட்டாதீர்கள்.

படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து 400 மீட்டர் உள்ளே எங்கள் மனைப்பிரிவு. எனக்கு அங்கே இருப்பது காலி மனை. மற்றவர்கள் வீடு கட்டிக் குடியிருக்கிறார்கள். தெரு நுழைவில் உள்ள ஆறு மனைகளை வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றிக் கிடங்கு கட்ட ஒருவர் விண்ணப்பித்திருந்தார். ஆட்சேபனை இருந்தால் காஞ்சிபுரம் நகர ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் தரவேண்டும். போன செவ்வாய்க்கிழமைதான் கடைசி நாள்.

காலை 8.30-க்குத் தாம்பரத்தில் பஸ் ஏறினேன். டிக்கெட் 45 ரூபாய். படப்பை தாண்டி செல்வி ஏறினார். எங்கள் தெருவில் பதினோராம் மனை அவருடையது. ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை; எங்கள் தெருவில் பெரும்பாலோருக்கு அங்கேதான் வேலை. இரவு ஷிஃப்ட் முடித்து, தூங்காமல், தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்ட மனுவோடு வந்திருந்தார்.

"கிடங்கு வந்தா என் மனைக்கு ரேட் ஏறும்னு புரோக்கர் சொல்றார்," என்றேன், சீண்டிப் பார்க்க. ஆசையும் கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

"முப்பது அடி ரோட்டுல கன்டெய்னர் லாரி எப்டிக்கா திரும்பும்? புள்ளைங்க சைக்கிள் வுடுற தெரு அது. நாங்க இன்னா கம்பெனியே வேணாம்னா சொல்றோம்? கம்பெனிக்குத்தான் போய்க்கினு கீறோம். வூட்டு வாசல்ல வேணாம், அவ்ளோதான்."

அதற்கப்புறம் நான் புரோக்கர் பேச்சை எடுக்கவில்லை.

10.30-க்கு அலுவலகம். மனுவை வாங்கிய எழுத்தர் அதை இப்படியும் அப்படியும் திருப்பினார். முப்பத்தெட்டு கையெழுத்தும் வரிசையாக இல்லாமல் ஒரே வட்டமாகச் சுற்றி இருந்தன. கேன்டீன் சாப்பாடு சரியில்லை என்று கம்பெனியில் புகார் எழுதும்போது எங்கள் தெருக்காரர்கள் அப்படித்தான் போடுவார்களாம். யார் முதலில் போட்டது என்று கண்டுபிடிக்க முடியாதே! அதே பழக்கத்தில் இங்கும் போட்டுவிட்டார்கள்.

"யார் எந்த மனைன்னே தெரியலையேம்மா. இது ஒரே ஆட்சேபனையாத்தான் பதிவாகும். ஆளுக்கொரு தாள், பேரு, மனை நம்பரோட குடுங்க. 5.45 வரைக்கும் இருப்பேன்."

செல்வி மனுவை மடித்துப் பையில் வைத்தார். "வாக்கா, டைம் கீது."

பக்கத்துக் கடையில் வாசகத்தை டைப் செய்து நாற்பது நகல் எடுத்தோம், 110 ரூபாய். திரும்ப 45 கிலோமீட்டர். 12.55-க்குத் தெருமுனை. 1.10-க்கு இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏற்றும் கம்பெனி பஸ் வந்து நின்றது.

"அண்ணே, பத்து நிமிஷம்," என்றார் செல்வி.

"இன்னாம்மா விளையாடுறியா? கேட்டுக்கு லேட்டானா எனக்குத்தான் மெமோ. அஞ்சு நிமிஷம், எழுதிக்கினு வா," என்று டிரைவர் இன்ஜினை அணைத்தார்.

தாளை வாங்கிய ஒருவர் தயங்கினார். "பேரு தனியா தெரியுமே செல்வி. நாளைக்கு அந்தக் கிடங்குக்காரரு வூட்டாண்ட வந்து கேட்டா?"

செல்வி பஸ் படியிலேயே உட்கார்ந்து தன் தாளில் பெயரையும் மனை எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதினார். "வந்தா மொதல்ல என் வூட்டுக்கு வரட்டும்."

பேனா கை மாறியது. வட்டத்தில் கையெழுத்துப் போடாத நானும் ஏழாம் மனை என்று எழுதி என் தாளைச் சேர்த்தேன். 2.50-க்கு முதல் ஷிஃப்ட் முடித்தவர்களோடு பஸ் வந்து, மீதிப் பேரும் எழுதினார்கள். மறுபடி காஞ்சிபுரம் போய், அதே கடையில் எல்லாவற்றையும் நகலெடுத்து, 5.20-க்கு எழுத்தரின் மேஜையில் முப்பத்தொன்பது தாள். ஒவ்வொன்றின் நகலிலும் முத்திரை வாங்காமல் நாங்கள் நகரவில்லை.

உங்கள் தெருவுக்கும் இப்படி அறிவிப்பு வந்தால்: ஆளுக்கொரு தாள், மனை எண், முடிந்தால் பத்திர நகல், ஒப்புகை முத்திரை. கடைசி நாள்வரை காத்திருக்காதீர்கள். காலையிலேயே சாப்பிட்டுவிடுங்கள், எங்களுக்கு அன்று டீயோடு சரி.

முடிவு எப்படிப் போகுமோ தெரியாது. விசாரணை அடுத்த மாதம், அதுவும் வேலை நாளில். செல்வியின் லைனில் மட்டும் எங்கள் தெருக்காரர்கள் ஆறு பேர் அன்று லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், தனித்தனித் தாளில். "எல்லாருக்கும் ஒரே நாள்ல இன்னா விசேஷம், யாருக்குக் கல்யாணம்?" என்று சூப்பர்வைசர் கேட்டாராம்.

"எங்க தெருவுக்காக சார்," என்றாராம் செல்வி. "மொதல்ல எழுதினது நான்தான்."