ஜெசிந்தா மிஸ் சாப்பிடப் போகிறார்

வாசலில் நிற்கும் பரிசாரகர் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜெசிந்தா ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிடுவார். பினாங்கிலும் அப்படித்தான், பாங்கொக்கிலும் அப்படித்தான், போன வருடம் ஹனோயிலும் அப்படித்தான். "எத்தன பேருன்னு அவங்க கேட்டு, ஒருத்திதான்னு நான் சொல்லி, அவங்க எனக்குப் பின்னால எட்டிப் பாத்து... அதெல்லாம் எதுக்கு? வெரலக் காட்டினா முடிஞ்சுது." உட்கார்ந்ததும் கைப்பையை மடியில் வைத்துக்கொள்வார். எதிர்க் கதிரையில் வைத்தால் யாருக்கோ இடம் பிடித்திருப்பதாக நினைத்துவிடுவார்களாம்.

வயது ஐம்பத்தொன்று. கண்டி கொட்டுகொடல்ல வீதியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்தாறு வருடமாக வேலை. வாடிக்கையாளரின் காதுக்குப் பின்னால் விரலை விட்டுப் பார்த்து, ஃபிரேமின் காலைச் சூடாக்கி வளைத்துப் பொருத்துவது அவர் பொறுப்பு. ஊரில் பாதிப் பேரின் முகம் தெரியும், பெயர்தான் நிற்காது. "எடது காது கொஞ்சம் ஏத்தமா இருக்குமே, அந்த சேர்" என்றுதான் ஆளைச் சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டுகஸ்தோட்டையில் தம்பி கிளின்ரனின் குடும்பத்தோடு இருக்கிறார்.

ஓகஸ்டில் பெரஹரா யானை ஊர்வலம் நடக்கும் நாட்களில் நகர வீதிகளை மூடிவிடுவார்கள். கண்ணாடி பார்க்க ஆள் வராது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அந்த நாட்களில்தான் ஜெசிந்தாவின் பயணம். முதலாளி நளீர் ஹாஜியார் லீவுக் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் கேட்பார்: "இந்த முற எந்த நாடு மிஸ்? தொணைக்கி ஆரு?"

"ஆருமில்ல ஹாஜியார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்து வைப்பார்.

முதல் பயணம் இப்படித் தனியாகப் போவதாக இருக்கவில்லை. பதின்மூன்று வருடத்துக்கு முன், மாதா கோயிலில் பழக்கமான அந்தோனியம்மா டீச்சரோடு கோலாலம்பூர் போவதாக ஏற்பாடு. புறப்பட இரண்டு நாள் இருக்கையில் டீச்சர் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். டிக்கெட்டை மாற்ற முடியவில்லை. ஜெசிந்தா தனியே விமானம் ஏறினார்.

ஊர் பார்ப்பதில் ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. சாப்பாடுதான் பிரச்சினை. கடை வாசல்வரை போவார், உள்ளே குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார், திரும்பிவிடுவார். இரண்டு நாள் அறைக்குள் பணிசும் வாழைப்பழமும். மூன்றாம் நாள் மாலை கொட்டும் மழையில் நனைந்து ஒரு சீனக் கடைக்குள் ஓடியபோது, பணிப்பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். பதற்றத்தில் ஜெசிந்தா "இரண்டு" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு பீங்கான் தட்டு, இரண்டு கிண்ணம் வைத்தார்கள். வராத ஆளுக்காக நாற்பது நிமிடம் காத்திருந்தார். வாசலைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நரைத்த தலையுடைய அந்தப் பணிப்பெண் இரண்டு முறை வந்து விசாரித்துப் போனாள். மூன்றாம் முறை எதுவும் கேட்கவில்லை. எதிரே இருந்த பீங்கானைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு, ஜெசிந்தாவின் முன்னால் ஆவி பறக்கும் சூப்பை வைத்தாள். "ஒரு வார்த்த பேசல்ல. சூப்பக் குடிக்கிறப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. வெக்கத்துலயா, பசியிலயான்னு இன்னும் தெரியல்ல."

அதற்குப் பிறகு பொய் சொன்னதில்லை. தனியே சாப்பிடும்போது போனை எடுப்பதில்லை, புத்தகம் விரிப்பதில்லை. மற்றவர்களின் மூக்கையும் கண்ணாடியையும் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சாப்பிடுவார். ஹனோயில் பில் கொண்டுவந்த பெரியவரின் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. சைகை காட்டி வாங்கி, கைப்பையிலிருந்த குட்டி ஸ்க்ரூட்ரைவரால் முறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

ஆனால் கண்டியில் ஒருநாளும் தனியாக ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பகல் சோறு வீட்டிலிருந்து வரும். கடையின் பின்னறையில் சாப்பிடுவார். "அங்க என்னைய யாருக்குத் தெரியும்? இங்க மூலைக்கு மூலை நம்ம கஸ்டமர்."

இந்த மே மாதம் அவருடைய பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. வாவியைப் பார்த்தாற்போல் இருக்கும் ஒரு ஹோட்டலில் கிளின்ரன் ஐந்து பேருக்கு மேசை சொல்லிவைத்திருந்தார். ஜெசிந்தா பூசை முடிந்து நேரே அங்கே போய் உட்கார்ந்தார். மற்றவர்கள் வீட்டிலிருந்து வரவேண்டும். பன்னிரண்டரைக்குத் தம்பி மனைவி ஷிராணி போனில் அழைத்தார்.

"மதினி, நம்ம சின்னவ நதீஷா வாந்தி எடுத்துட்டா. பயப்புட ஒன்னுமில்ல, காலைல கண்டதையும் தின்னது. இப்ப தூங்குறா. ஆனா நாங்க வர ஏலாது. நீங்க வீட்டுக்கு வந்துருங்க, இன்னொரு நாளைக்கிப் போவோம்."

ஜெசிந்தா போனை வைத்தார். மேசையில் ஐந்து பீங்கான். இரண்டு மேசை தள்ளி, மாநகர சபையில் வேலை செய்து ஓய்வு பெற்ற சேதுராமன் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஞானேஸ்வரிக்குப் போன கிழமைதான் ஜெசிந்தா கண்ணாடி பொருத்திக் கொடுத்திருந்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தும்விட்டார்.

பரிசாரகர் வந்தார். "மிஸ், மத்தவங்க?"

"வரல்ல."

"அப்ப மேசைய கென்சல் பண்ணவா?"

"அந்த நிமிசம் கோலாலம்பூர விட மோசம்" என்கிறார் ஜெசிந்தா. "அங்கயாவது பொய் சொல்லலாம்."

அவர் மறுபடி உட்கார்ந்தார். "வேணாம். எனக்கு சோறும் நண்டுக் கறியும் கொண்டாங்க."

பீங்கான்களை எடுப்பதைப் பார்த்து ஞானேஸ்வரி எழுந்து வந்தார். "என்ன மிஸ், தனியாவா? ஐயோ பாவம். வாங்க, எங்களோட வந்து ஒக்காருங்க."

"இல்லங்க. இன்னைக்கி எனக்குப் பொறந்தநாளு. இங்கயே சாப்பிடுறேன்."

"பொறந்தநாளுக்கா தனியா?"

"ஆமா, தனியாத்தான்."

ஞானேஸ்வரி வாழ்த்திவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அங்கே எல்லாத் தலைகளும் ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பின.

சோறு வந்தது. சிவந்த குழம்பில் கால்கள் நீட்டிக்கொண்டு நண்டு வந்தது. அந்த மண்டபத்தில் எல்லோரும் கரண்டியும் முள்ளுக்கரண்டியுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா தன் கரண்டியையும் முள்ளையும் மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டார். இருப்பதில் பெரிய காலாகப் பார்த்து எடுத்து, கடைவாயில் வைத்து, படக்கென்று கடித்தார்.