கைகள் அசைந்தால் உடையும் படம்

சூலக்கரையில் எங்கள் தெருவுக்கு மூன்று கம்பெனிகளின் இணையக் கம்பிகள் வருகின்றன. மின்கம்பத்தில் அவை கொத்தாகச் சுற்றிக் கிடக்கும். எது யாருடையது என்று இழுத்தவர்களுக்கே தெரியாது. ஆட்சியர் அலுவலகம் பக்கத்தில் இருப்பதால், குறையென்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடுவார். என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஏழாயிரம்பண்ணை இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். அங்கே அவள் வீட்டில், ஜன்னல் கம்பியில் சாத்தி வைத்தால் கைபேசி ஒரு கோடு காட்டும். எடுத்து மடியில் வைத்தால் அதுவும் போய்விடும்.

இதை ஒரு வசதிக் குறைவு என்று எண்ணி மற்றவர்கள் வாழ்ந்துவிடலாம். எங்களால் முடியவில்லை. என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் இல்லை. பள்ளியில் எழுத்து அவளுக்குப் பிடிபடவில்லை, தன் பெயரை மட்டும் எழுதுவாள். ஆகையால் கடிதத்துக்கும் குறுஞ்செய்திக்கும் வழியில்லை. சிறுவயதில் நாங்கள் இருவரும் கைகளால் உண்டாக்கிக்கொண்ட ஒரு பாஷை உண்டு. கண்ணுக்குக் கீழே விரலால் வட்டம் போட்டால் கண்ணாடி போட்ட நான். கன்னத்தில் உள்ளங்கையை வைத்துத் தேய்த்தால் வருத்தம். அதைப் பேசுகிறவர்கள் உலகத்தில் நாங்கள் இருவர்தாம். அவள் கணவர் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர், மிக நல்லவர். சாப்பிடு, தூங்கு, வா, இரு என்று கையால் சொல்லப் பழகியிருந்தார். அந்த வீட்டில் அவளுக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவள் சொல்வதை வாங்கிக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை.

அவள் பிள்ளை உண்டாகியிருந்த அந்த ஆவணியில், ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டு, வண்டி வந்து சேருமுன் வீட்டிலேயே குழந்தை பிறந்தது; இறந்தே பிறந்தது என்றார்கள். பக்கவாதத்தில் படுத்திருக்கும் என் கணவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டம்மாளை இருத்திவிட்டு ஓடினேன். நான் போவதற்குள் புதைத்துவிட்டிருந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் அவள் என்னைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அவள் கைகள் என் முதுகில் இருந்தன. கைகள் முதுகில் இருக்கும்போது எங்களால் பேச முடியாது. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. என்னோடு வந்துவிடு என்று காட்டினேன். மாட்டேன் என்று தலையை அசைத்தாள். ஏன் என்று கேட்க நேரமில்லை.

அதன் பிறகு அவளைக் காண்பதற்குக் கைபேசித் திரையைத் தவிர எனக்கு வேறு வாசல் இல்லை. என் வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் எப்போதும் வேண்டும். அந்த ஆள் நான்.

திரையில் ஒரு விந்தை நடந்தது. அவள் அசையாமல் இருந்தால் படம் தெளிவாக இருந்தது. கையைத் தூக்கிய கணமே விரல்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. முழங்கைக்குக் கீழே ஏதோ ஒரு சாம்பல் நிறம் குழம்பியது. பிறகு முகம் ஒரு பக்கமாகக் கோணியபடி நின்றுபோயிற்று. அவள் என்ன சொன்னாள் என்று நான் திரும்பக் கேட்பேன். திரும்பச் சொல்வாள். மறுபடி உடையும். சில நாளில் அவள் கண்டுகொண்டாள், கையை மடியில் வைத்திருந்தால் அக்கா தன்னைப் பார்க்க முடியும் என்று. அப்படியே உட்கார்ந்திருக்கத் தொடங்கினாள். துல்லியமான படத்தில், பேசாத கைகளோடு.

“மதினி, அவ சாப்பிட மாட்டேங்கா. எம்புட்டுச் சொல்லியும் சுவரப் பாத்தே உக்காந்திருக்கா. டாக்டரு, யாராச்சும் இவகூட மனசுவிட்டுப் பேசணும்ங்காக. நான் எந்தக் கைய வச்சுப் பேச?” என்று அவள் கணவர் அழுதார்.

நான் ஒவ்வொரு கம்பெனியாக அழைத்தேன். அவர்களுடைய இணையதளங்களில் மாவட்டத்து வரைபடம் இருந்தது. சூலக்கரைக்கும் சாத்தூருக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் ஒரே நிறத்தைப் பூசியிருந்தார்கள். தொலைபேசியில் வந்த பெண், “உங்க ஏரியாவுக்கு கனெக்‌ஷன் ஃபீசிபிள் இல்லைன்னு காட்டுது மேடம்” என்றாள். மேப்பில் நிறம் இருக்கிறதே என்றேன். “அது மேப் மேடம்” என்றாள், மரியாதையாகத்தான். வேறு சிம் வாங்கி அனுப்பினேன். அது ஜன்னலில் ஒரு கோடும் காட்டவில்லை. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிமேல் இரண்டு கோடு காட்டியது. பிரசவித்த உடம்பை ஏணியில் ஏற்றக்கூடாது என்று அவள் மாமியார் தடுத்துவிட்டார்.

அச்சங்குளத்தில் அவர்களுடைய உறவுக்காரர் வீட்டில் கேபிள்காரர் ஃபைபர் என்கிற கண்ணாடிக் கம்பி இணைப்புக் கொடுத்திருந்தார். கரண்ட் போனால் போகும், மற்றபடி சூலக்கரைக்குக் குறைவில்லை என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கணவர் பைக்கில் மெதுவாக அங்கே அழைத்துப் போனார். படம் அப்பழுக்கில்லாமல் வந்தது. அவளுக்குப் பின்னால் அந்த வீட்டார், அண்டை வீட்டார், குழந்தைகள் எல்லோரும் கூடி நின்றார்கள்.

“ஏலே, தள்ளி நில்லுலே, மறைக்காத. அக்காவும் தங்கச்சியும் கையாட்டுறதப் பாக்கணும்” என்றது ஒரு குரல்.

“சத்தமே இல்லாம சண்டை போடுவாகளோ?” என்றாள் ஒரு பெண். சிரித்தார்கள். கெட்ட எண்ணம் இல்லாத சிரிப்புத்தான். தங்கைக்குக் கேட்கவில்லை; ஆனால் திரையின் மூலையில் தெரிந்த அவர்களுடைய பற்களை அவள் பார்த்தாள். கைகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய சொந்த வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, கைகள் உடையாமல் பேச வேண்டும். அது நடக்கவில்லையென்றால் அவளை இழந்துவிடுவேன் என்று அன்று எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு வாரமும் திரையில் அவள் கழுத்தெலும்பு மேலே வந்துகொண்டிருந்தது.

அச்சங்குளத்துக் கேபிள்காரரைக் கெஞ்சினேன். அவர் இரக்கப்பட்டு, கம்பம் கம்பமாக ஏழாயிரம்பண்ணைக்குக் கம்பி இழுத்துவந்தார். ஊர் எல்லையில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலியோரக் கம்பத்தில் சுருள் தீர்ந்தது. அங்கே அடுத்த சுருளை ஒட்டியாக வேண்டும். ஒட்டுகிற கருவி ஒரு மின்பொறியில் கண்ணாடியை உருக்கித்தான் ஒட்டும். வேலிக்கு அப்பால் வெடிமருந்து கலக்கிற ஷெட்.

கம்பெனி ஃபோர்மேன் வந்து நின்றதை, கேபிள்காரர் கைபேசியிலேயே நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பொறி வருமாலே?”

“கடுகளவு பொறிதான் அண்ணாச்சி. பெட்டிக்குள்ளயே வந்து உள்ளயே அணைஞ்சிரும்.”

“கடுகளவு போதும். கைபேசியவே கேட்டுல வாங்கி வச்சுட்டுத்தான் ஆள உள்ள விடுதோம். நீ மெஷினத் தூக்கிட்டு வந்திருக்க. ஒனக்கு உசுரு கசக்கா?”

“பொறி இல்லாம ஒட்டுறதுக்கு இது என்ன சரவெடிக் காயிதமா, மைதாப் பசையத் தடவ?”

“சீசன் முடியட்டும். தீவாளிக்குக் கம்பெனி அடைச்சு, ஷெட்டக் கழுவி விட்ட பெறவு வா. நானே ஏணியப் பிடிக்கேன்.”

போனை அவரிடம் கொடுக்கச் சொல்லி, ஃபோர்மேனிடம் நான் பேசினேன். தங்கையின் நிலையைச் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். “அம்மா, ஒங்க தங்கச்சி வீட்டுக்காரனும் இந்த ஷெட்டுலதான் இருக்கான்” என்று மட்டும் சொன்னார். ஷெட் அடைக்கிற நாளைக் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன்.

தீபாவளி வரை ஒவ்வொரு நாளும் அவளை அழைத்தேன். அசையாத கைகளை எதிரே வைத்துக்கொண்டு நான் மட்டும் பேசினேன். மழை பெய்தது, இவர் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார், நீ என்ன சாப்பிட்டாய். அவள் பக்கத்தில் என் கைகளும் உடைந்துதான் தெரிந்திருக்கும். இருந்தும் அவள் அழைப்பைத் துண்டித்ததில்லை.

தீபாவளி கழிந்து ஷெட்டுகளைக் கழுவி அடைத்தார்கள். ஃபோர்மேன் சொன்னபடியே ஏணியைப் பிடித்தாராம். மறுநாள் காலை அவள் கணவர் அறைக்குள் இணையப் பெட்டியை மாட்டி, கைபேசியை அவள் முன் நிறுத்தி, “பேசுங்க மதினி, நான் வெளிய இருக்கேன்” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

அவள் வழக்கம்போலக் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். உடையாது, அசைத்துப் பார் என்று சொன்னேன். என் விரல்களை அவள் உற்றுப் பார்த்தாள். தன் வலக்கையை மெல்லத் தூக்கி, திரையின் மூலையில் தெரியும் தன் சிறிய உருவத்தில் அது முழுதாக இருப்பதைச் சரிபார்த்தாள். பிறகு தொடங்கினாள்.

இத்தனை வேகமாக அவள் பேசி நான் பார்த்ததில்லை. வலி வந்ததைச் சொன்னாள். மாமியார் துணியைக் கிழித்ததைச் சொன்னாள். எங்கே புதைத்தோம் என்று ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. திரும்பி வந்த கணவரின் செருப்பில் ஒட்டியிருந்த ஓடைச் சகதியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். தினம் மத்தியானம் அங்கே போய் வருகிறாள். அதனால்தான் என்னோடு வரவில்லை.

அதோடு முடியவில்லை. இரண்டு கைகளையும் குவித்து அந்தச் சிறிய முகத்தைக் காட்டினாள். அதன் வாய் திறந்தது என்று காட்டினாள். ஒருமுறை. மறுபடி ஒருமுறை. இறந்தே பிறந்தது என்று காட்டுகிறார்கள், ஆனால் வாய் திறந்ததை நான் பார்த்தேன். எல்லோரும் குனிந்து நின்றார்கள், ஒருவர் முகமும் எனக்குத் தெரியவில்லை. எனக்குத்தான் காது கேட்காதே. அக்கா, அவர்களிடம் நீ கேட்டுச் சொல். அழுததா?

அதே இரண்டு குறிகளைத் திரும்பத் திரும்பப் போட்டாள். குழந்தை. அழுததா. ஒவ்வொரு விரலும் தெரிந்தது. ஒரு கணமாவது படம் நின்றுவிடாதா என்று நான் வேண்டிக்கொண்டேன். அது நிற்கவில்லை.