பாயின் மேல் தையல்

தொண்ணூறுகளின் கடைசியில் என் வீட்டுக்காரர் கோவளத்தில் ஒரு ஹோட்டலில் பாய்ப்படகு ஓட்டிக்கொண்டிருந்தார். ஹோட்டல்காரர்கள் அதைக் கட்டமரான் என்பார்கள். அவர் பிறந்த குளச்சல் பக்கத்துக் கட்டுமரத்துக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. இரண்டு ஒல்லியான ஃபைபர் ஓடங்கள், நடுவில் இழுத்துக் கட்டிய துணி, ஒரு பாய்மரம், மஞ்சளும் சிவப்புமாகப் பட்டை போட்ட பாய். விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு கடலில் ஒரு சுற்று போய்வருவது அவர் வேலை.

நாங்கள் திருவல்லத்தில் வாடகைக்கு இருந்தோம். நான் கிழக்கேகோட்டையில் ஒரு தையல் கடையில் வேலை பார்த்தேன். குழந்தை இல்லை. அந்தப் படகைப் பற்றிப் பேசித்தான் எங்கள் மாலைகள் போகும். படகு கெட்டுப்போகாது, பாய்தான் சீக்கிரம் போகும் என்பார். ஆரம்பத்தில் தினமும் பாயைக் கழற்றி, நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் உலர்த்தி, மடிக்காமல் சுருட்டிக் கொட்டகைக்குள் வைப்பார். மணலில் கிடந்தால் எலி கடிக்கும், வெயிலில் நின்றால் நூல் உளுத்துப்போகும்.

இரண்டாவது சீசனில் புது மேனேஜர் வந்தார். பாய் ஏறாமல் வெறும் கம்பு நின்றால் கரையில் படகு இருப்பதே விருந்தினர்களுக்குத் தெரியாது என்றார். காலை முதல் இருட்டும்வரை பாய் ஏற்றியே இருக்க வேண்டும். இவர் சொல்லிப் பார்த்தார், கெஞ்சியும் பார்த்தார். மத்தியான வெயிலுக்காவது இறக்கி மூடிவைக்கட்டும் என்று, கடையில் மிஞ்சிய கெட்டியான வெள்ளைத் துணியில் நான் நீளமாக ஓர் உறை தைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள்தான் அது படகில் இருந்தது. மேனேஜர் பார்த்துவிட்டு, "எந்தா இது, சவத்தப் பொதிஞ்சு வெச்ச மாதிரி" என்றாராம். அன்று மாலையே உறை வீட்டுக்குத் திரும்பி வந்தது.

அந்தக் கோடை முழுக்கப் பாய் வெயிலில் நின்று படபடத்தது. சிவப்பு வெளிறி செங்கல் பொடி நிறமானது. மே மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாயைச் சாக்கில் திணித்து பஸ்ஸில் எடுத்துவந்தார். கூடத்தில் விரித்தால் இடம் போதவில்லை, ஒரு முனை அடுக்களைக்குள் போயிற்று. துண்டுகளை இணைக்கும் தையலை நகத்தால் சுரண்டிக் காட்டினார். நூல் மாவாக உதிர்ந்தது. துணி கெட்டியாகத்தான் இருந்தது.

"இந்தத் தையல் எல்லாத்துக்கும் மேல இன்னொரு ஓட்டு ஓட்டித் தா பிள்ளே. நாளைக்குக் காலையில கொண்டு போணும்."

அது பள்ளிக்கூடம் திறக்கும் காலம். கடையிலிருந்து கொண்டுவந்த யூனிஃபார்ம் துணி ஒரு மூட்டை என் மெஷின் பக்கத்தில் கிடந்தது. இருந்தாலும் உட்கார்ந்தேன். அவர் பாயின் பாரத்தைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள, கீழிருந்து தைத்துக்கொண்டு போனேன். பாதிப் பாய் முடிந்தபோது, பல மடிப்புத் துணி சேரும் இடத்தில் ஊசி உடைந்தது. வேறு ஊசி போட்டேன், அதுவும் உடைந்தது. எனக்கு முதுகு கடுத்தது, எரிச்சலும் வந்தது. மேலே இருந்த தையலை விரலால் இழுத்துப் பார்த்தேன். விட்டுவரவில்லை.

"மேல உள்ளது தாங்கும். அடுத்த ஞாயிறு பாக்கலாம்" என்றேன்.

அவர் உடைந்த ஊசித் துண்டுகளைப் பொறுக்கிப் போட்டார். பிறகு பாயைச் சுருட்டிவிட்டார். கடலைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் சிரிப்பவர், நூலைப் பற்றி நான் சொன்னதை நம்பினார்.

புதன்கிழமை மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. மழைக்கு முந்திய காற்று அன்று திடீரென்று பலத்திருக்கிறது. ஒரு விருந்தினரோடு திரும்பிவரும்போது பாய் மேலிருந்து கிழிந்து இரண்டாகிவிட்டது. ஓட்டமில்லாத படகை அலை பாறைக்குத் தள்ளிக்கொண்டு போனது. நீச்சல் தெரியாத அந்த மனிதரை இடது கையால் பிடித்துக்கொண்டு, இவர் வலது கையால் பாறையிலிருந்து படகை விலக்கப் பார்த்திருக்கிறார். கை நடுவில் மாட்டிக்கொண்டது. விருந்தினருக்கு முழங்காலில் சிராய்ப்பு மட்டும். இவருக்கு ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான் ஃப்ளாஸ்க்கோடு நின்றேன். தையல் விட்டுப்போயிருப்பது முன்பே தெரியாதா என்று கேட்டார். வெயிலில் நிறுத்தச் சொன்னது நீங்கள்தானே என்று இவர் கேட்பார் என்று நினைத்தேன். அல்லது, பாதிதான் தைத்தது என்று சொல்வார்.

"நான் பாத்தேன் சார். நல்லாத்தான் இருந்துது" என்றார்.

என்னைப் பார்க்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஃப்ளாஸ்க்கைத் திறந்து மேனேஜருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தேன். கவனக்குறைவு என்று எழுதி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். படகைக் கொல்லத்துக்கு யாரோ வாங்கிக்கொண்டு போனதாகக் கேள்வி.

ஜூன் பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நான் யூனிஃபார்ம்களைத் தைத்து முடித்தேன். மடிப்புச் சேரும் இடங்களில் மெஷின் மிதியில் கால் தானாகவே நின்றுவிடும். அவர் தம்பானூரில் ஒரு லாட்ஜில் வாசல் பார்க்கும் வேலைக்குப் போனார். கயிறு பிடிக்க முடியாத ஆளை எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள். அவரும் யாரிடமும் கேட்கவில்லை. கோவளம் பஸ் எங்கள் ஸ்டாப்பில் நின்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்று இன்னும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் முடித்திருப்பேன், வேறு ஊசியும் வீட்டில் இருந்தது, எனக்குத்தான் அலுப்பு என்று. அவர் கதவுப் பக்கம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்" என்றார். "சோறு போடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகு நாங்கள் அதைப் பேசியதில்லை. வேறு எதையும் பழையபடி பேசியதுமில்லை. இடது கையால் சாப்பிடுவது அவருக்கு இன்றுவரை கூச்சம். யாராவது வீட்டுக்கு வந்தால் பசியில்லை என்று எழுந்து வெளியே போய்விடுவார். அவர்கள் சாப்பிட்டுப் போகும்வரை நான் பரிமாறிக்கொண்டிருப்பேன்.