மிச்சம் பிடித்த மூச்சு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ரசாயனத் தொட்டிகளைக் கழுவும் வேலை எனக்கு. முதுகில் காற்று சிலிண்டர், முகத்தில் மாஸ்க். உள்ளே இறங்கினால் மூச்சில் கஞ்சத்தனம் வேண்டும். தாம்தூம் என்று இழுத்தால் பாதியிலேயே காற்று காலி. இதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர். உடம்பு நூற்று முப்பது கிலோவைத் தொட்ட பிறகு தொட்டியின் வாய்க்குள் நுழைய முடியாமல், இப்போது மேலே நின்று கயிறு பிடிக்கிறேன். திமிர் மட்டும் இறங்கவில்லை.

பித்தப்பைக் கல்லை எடுக்கத் திருவள்ளூரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஆபரேஷன் மேஜையில் தலையணைகளை அடுக்கி, முதுகையும் தலையையும் உயர்த்திச் சாய்த்தார்கள். கைகளை இரண்டு பக்கமும் நீட்டிப் பட்டியால் கட்டினார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா மாஸ்க்கை என் முகத்தில் அழுத்தினார்.

"நல்லா ஆழமா இழுத்து விடுங்கண்ணா. மூணு நிமிஷம்."

கையை அசைக்க முடியவில்லை. வயிறு நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பயந்துபோன உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு விட்டேன்.

"இன்னாண்ணா, ஆக்சிஜன் நம்பர் ஏறவே மாட்டேங்குது?" திரையைப் பார்த்தபடி கேட்டார்.

முகத்தைத் திருப்பி மாஸ்க்கை விலக்கினேன். "மிச்சம் புடிச்சிக்கினு இருக்கேன் மேடம். சிலிண்டர் தீந்துடும்ல?"

அவர் சிரித்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது.

"இது தீராதுண்ணா. மருந்து போட்டதும் உங்க மூச்சு நின்னுடும். தொண்டையில குழாய் வெக்கிற வரைக்கும், இப்ப உள்ள ரொப்புறதுதான் தாங்கணும். கனத்த உடம்புல அது சீக்கிரம் தீந்துடும். மாஸ்க் நகந்தா மொதல்லேர்ந்து ரொப்பணும்."

மூச்சு நின்றுவிடுமா? முன்பே சொல்லியிருப்பார்கள், என் காதில் தூக்கம் என்பது மட்டும்தான் விழுந்திருக்கிறது. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. பட்டி விடவில்லை.

மாஸ்க் மறுபடி அழுந்தியது. வெட்கத்தை விட்டு இழுத்தேன். கல்யாணப் பந்தியில்கூட அப்படி வாரிப் போட்டுக்கொண்டதில்லை.

"ஏறுதுண்ணா, அப்படித்தான்" என்றார்.

குழாய் உள்ளே போகாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்பதென்றால் மாஸ்க்கை விலக்க வேண்டும். விலக்கினால் சேர்த்ததெல்லாம் போய்விடும்.

"மருந்து போடட்டுமாண்ணா?"

கேள்வியை விழுங்கிவிட்டு, இன்னொரு மூச்சை இழுத்தபடியே தலையை ஆட்டினேன்.